டைக்ஸ்ட்ராவின் இரண்டு பேப்பர்கள்

கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் படிச்சவங்களுக்கு எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா யாருன்னு சொல்ல வேண்டியதில்லை. தேர்வுக்கு முந்தின ராத்திரி அவர் பேரை ஸ்பெல்லிங்கோட மனப்பாடம் பண்ணாதவங்க நம்ம டிபார்ட்மென்ட்ல இருக்க மாட்டாங்க. ஆனா நாம படிக்கிறது அவர்ல பாதிதான்.

1930இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் பிறந்தவர். அப்பா வேதியியல் ஆசிரியர், அம்மா கணிதம் தெரிந்தவர். லைடன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கும்போதே, 1952இல் ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் புரோகிராமராகச் சேர்ந்தார். 1957இல் கல்யாணப் பதிவு விண்ணப்பத்தில் தொழில் புரோகிராமர் என்று எழுதினார். அப்படி ஒரு தொழிலே கிடையாதுன்னு அதிகாரிகள் ஏத்துக்கலை. கடைசியில் கோட்பாட்டு இயற்பியலாளர் என்று எழுத வேண்டியதாயிற்று.

அதற்கு முந்தின வருஷம், அர்மாக் என்ற புதுக் கணினியின் திறப்பு விழாவுக்கு, சாதாரண மக்களுக்கும் புரியற மாதிரி ஒரு கணக்கு தேவைப்பட்டது. இரண்டு ஊர்களுக்கு நடுவே மிகக் குறுகிய வழி எது? வருங்கால மனைவியோடு கடைவீதி சுத்திட்டு, ஒரு காபிக்கடையில உட்கார்ந்தப்போ, பேப்பர் பேனா இல்லாமலே சுமார் 20 நிமிஷத்தில் வழிமுறையை மனசுக்குள் முடித்தார். விழாவில் 64 டச்சு ஊர்களை வைத்து ஓட்டிக் காட்டினார்கள். 1959இல்தான் அது பிரசுரமானது. மொத்தம் மூணே பக்கம்.

இன்றைய கலப்பு வயர்லெஸ் நெட்வொர்க்கிலும் இதே அல்காரிதம் ஓடுகிறது. பாதி நோடுகள் கேபிளில், மீதி ஒன்றுக்கொன்று ரேடியோவில் பாக்கெட்டைக் கைமாற்றும். இங்கே தூரத்தையோ ஹாப் எண்ணிக்கையையோ மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். நாலு பாக்கெட்டில் ஒன்றுதான் போய்ச்சேரும் நேரடி லிங்க் என்றால், ஒரு பாக்கெட்டுக்குச் சராசரியாக 4 தடவை அனுப்ப வேண்டும். சிதறாத இரண்டு ஹாப் வழியில் 2 தடவை போதும். எடையை இப்படி மாத்திக் கொடுத்தா, டைக்ஸ்ட்ரா சுத்து வழியையே சரியாத் தேர்ந்தெடுப்பார். அல்காரிதத்தில் ஒரு வரியும் மாத்த வேண்டாம்.

சரி, வேகம் ஆச்சு. அட்டவணையே கெட்டுப்போனா?

அதற்கும் அவர்தான் அடித்தளம் போட்டார். 1974இல் வெளியான இரண்டு பக்கக் கட்டுரை அது. வளையமாக நிற்கும் இயந்திரங்களில் ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மட்டுமே முறை வர வேண்டும். மேற்பார்வையாளர் கிடையாது. ஒவ்வொன்றும் பக்கத்தில் உள்ளதை மட்டுமே பார்க்கும். எவ்வளவு தப்பான நிலையில் தொடங்கினாலும், சில அடிகளுக்குப் பிறகு அது தானாகவே சரியாகி, அப்படியே இருக்கும். இதற்குச் சுய நிலைப்படுத்தல் என்று பெயர். கிட்டத்தட்ட பத்து வருஷம் இதை யாரும் பெரிசா கண்டுக்கலை.

இடையில், 1980 அக்டோபர் 27 அன்று, அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் சில மணி நேரம் முடங்கியது. அதில் ரவுட்டிங் நடந்ததே டைக்ஸ்ட்ராவின் குறுகிய வழி முறையில்தான். ஒரு நோடில் பிட்டுகள் உதிர்ந்து, ஒரே நிலைச் செய்தி 44, 40, 8 என்ற மூன்று வரிசை எண்களோடு பரவியது. எண்கள் சுற்றி வரும் வகை என்பதால் 40ஐவிட 44 புதுசு, 8ஐவிட 40 புதுசு, 44ஐவிட 8 புதுசு! நோடுகள் மூன்றையும் மாறி மாறி ஏற்று அனுப்பிக்கொண்டே இருந்தன. பழுது ஒரு இடத்தில், ஆனால் வலை தானாக மீளவில்லை. ஆட்கள் தலையிட்டுத்தான் சரிசெய்தார்கள். வேகத்துக்கான டைக்ஸ்ட்ரா அங்கே இருந்தார், மீள்வதற்கான டைக்ஸ்ட்ரா இல்லை.

1983இல் லெஸ்லி லாம்போர்ட் ஒரு மாநாட்டு உரையில் அந்த 1974 கட்டுரையைத்தான் அவரது மிகச் சிறந்த வேலை என்று எடுத்துக்காட்டிய பிறகே ஆராய்ச்சியாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பேட்டரி தீர்ந்து விழும் நோடு, இடம் மாறும் நோடு என்று எப்போதும் ஏதோ ஒன்று தப்பாகவே இருக்கும் வயர்லெஸ் வலைக்கு அது அப்படியே பொருந்தியது.

டைக்ஸ்ட்ரா கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்வதைவிட மைப்பேனாவால் எழுதுவதையே விரும்பினார். எண்ணிட்ட குறிப்புகள் 1300க்கு மேல் இருக்கின்றன. 2002இல் அந்த இரண்டு பக்கங்களுக்கு, பரவல் கணிப்பு மாநாட்டின் செல்வாக்குமிக்க கட்டுரை விருது கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதி, நெதர்லாந்தின் நூனன் ஊரில் புற்றுநோயால் காலமானார். அடுத்த வருஷத்திலிருந்து அந்த விருதுக்கே டைக்ஸ்ட்ரா விருது என்று பெயர். நம்ம சிலபஸ்ல இன்னும் 1959 பேப்பர் மட்டும்தான்.