விலங்கு பூண்ட அரண்மனை அதிகாரி

எருமை மாட்டின் முதுகில் ஒருவர் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து இருக்கிறார். கைகள் கட்டப்பட்டு இருக்கின்றன. கழுத்தில் எருக்கம்பூ மாலை. சுற்றிலும் சேவகர்கள். தெருவெல்லாம் வேடிக்கை பார்க்கும் கூட்டம்.

அவர் திருடர் அல்ல. கொலைகாரரும் அல்ல. திருவிதாங்கூர் அரண்மனையில் அதிகாரியாக இருந்தவர்! அவர்தான் தேவசகாயம்.

நட்டாலம் நீலகண்டன்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் நட்டாலம் என்று ஓர் ஊர். அங்கே 1712-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் நீலகண்டன். வசதியான குடும்பம். பல மொழிகளையும் போர்க்கலையையும் கற்றார். மார்த்தாண்டவர்மா மகாராஜா ஆட்சியில், பத்மநாபபுரம் அரண்மனையில் உத்தியோகம் கிடைத்தது. பார்கவி என்ற பெண்ணை மணந்தார். ஒரு குறையும் இல்லை.

டச்சுத் தளபதி

1741-ல் குளச்சலில் போர் நடந்தது. டச்சுக்காரர்கள் தோற்றார்கள். அவர்களுடைய தளபதி டிலனாய் சிறைபட்டார். அவர் திறமையைக் கண்ட மகாராஜா, தம் படைக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையை அவருக்கே கொடுத்தார். நீலகண்டனும் டிலனாயும் நண்பர்கள் ஆனார்கள்.

அந்தச் சமயத்தில் நீலகண்டன் குடும்பத்துக்குப் போதாத காலம். ஆடு மாடுகள் செத்தன. சொத்து கரைந்தது. மனம் உடைந்த நண்பருக்கு டிலனாய், பைபிளில் உள்ள யோபுவின் கதையைச் சொன்னார். எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாதவர் யோபு. அந்தக் கதை நீலகண்டன் மனத்தில் பதிந்தது.

1745-ம் ஆண்டு மே 14-ந் தேதி, வடக்கன்குளம் கோவிலில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். தேவசகாயம் என்று பெயர் சூட்டப்பட்டது. மனைவியும் கிறிஸ்தவர் ஆனார். அவர் பெயர் ஞானப்பூ.

எல்லோரும் சமம்

தேவசகாயம் கும்பிடுவதை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. பழகுவதையும் மாற்றிக்கொண்டார். தாழ்ந்த ஜாதி என்று ஒதுக்கப்பட்டவர்களோடு சமமாகப் பழகினார். அந்தக் காலத்தில் அது பெரிய குற்றம். மேல்ஜாதியினர் கொதித்து எழுந்தார்கள்.

1749-ல் அவர் கைது செய்யப்பட்டார். பதவி போயிற்று. மதத்தை விட்டால் விடுதலை என்று ஆசை காட்டினார்கள். அவர் மறுத்துவிட்டார் என்கிறது திருச்சபை வரலாறு. ராஜத்துரோகத்துக்காகவே தண்டனை என்று கூறும் சரித்திர ஆசிரியர்களும் உண்டு.

மூன்று ஆண்டுக் கொடுமை

பிறகு ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள். பிரம்பால் அடித்தார்கள். காயத்தில் மிளகாய்ப் பொடியைத் தேய்த்தார்கள். பெருவிளையில் மரத்தோடு சேர்த்து விலங்கு பூட்டினார்கள். ஆனால் நடந்தது என்ன? அவரைப் பார்க்க மக்கள் கூடினார்கள். கைதியிடமே ஆறுதல் கேட்டுத் திரும்பினார்கள்!

1752-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி. ஆரல்வாய்மொழி அருகே உள்ள காற்றாடிமலைக்கு அவரைக் கொண்டுபோனார்கள். சிப்பாய்களின் துப்பாக்கிகள் வெடித்தன. தேவசகாயம் சாய்ந்தார். அப்போது அவருக்கு வயது 39.

உடலைக் காட்டில் எறிந்துவிட்டார்கள். சில நாட்கள் கழித்து, மிஞ்சிய எலும்புகளைக் கிறிஸ்தவர்கள் தேடி எடுத்து, கோட்டாறு சவேரியார் கோவிலில் அடக்கம் செய்தார்கள். ஞானப்பூ, வடக்கன்குளத்தில் தங்கி வாழ்ந்து மறைந்தார்.

ஜாதி இல்லாத பெயர்

260 ஆண்டுகள் உருண்டன. 2012 டிசம்பர் 2-ந் தேதி நாகர்கோவிலில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கப்பட்டது. 2022 மே 15-ந் தேதி ரோமாபுரியில் போப்பாண்டவர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். குருவாகவோ துறவியாகவோ இல்லாமல், குடும்பஸ்தராக வாழ்ந்து அந்தப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே.

நெடுங்காலம் அவர் பெயரோடு ஜாதிப் பட்டமும் ஒட்டிக்கொண்டு இருந்தது. புனிதர் பட்ட விழாவில் அது இல்லை. தேவசகாயம் என்ற பெயர் மட்டுமே ஒலித்தது. எல்லோரும் சமம் என்று வாழ்ந்து உயிர்விட்டவருக்கு, அந்தப் பெயரே போதும்.