ஜான் ஹோவர்ட் நார்த்ரப்

ஜான் ஹோவர்ட் நார்த்ரப் (ஜூலை 5, 1891 – மே 27, 1987) ஓர் அமெரிக்க உயிர்வேதியியலாளர். புரதங்களை வெட்டும் நொதியங்களைத் தூய படிகங்களாகப் பிரித்தெடுத்து, நொதியங்கள் புரதங்களே என்று நிறுவியவர்களுள் முதன்மையானவர். 1946 ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசின் ஒரு பாதி ஜேம்ஸ் சம்னருக்கும், மறுபாதி நார்த்ரப், வெண்டெல் ஸ்டான்லி ஆகிய இருவருக்கும் வழங்கப்பட்டது.

வாழ்க்கை

நியூயார்க் மாநிலத்தின் யாங்கர்சு நகரில் பிறந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் கற்பித்த இவரது தந்தை, மகன் பிறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் ஆய்வக வெடிவிபத்தில் இறந்தார். தாவரவியல் ஆசிரியையான தாய் இவரை வளர்த்தார். 1915 இல் கொலம்பியாவில் முனைவர் பட்டம் பெற்றபின் ராக்பெல்லர் ஆய்வு நிலையத்தில் ஜாக் லோப் என்பவரிடம் பணியாற்றினார். முதல் உலகப்போரின்போது நொதித்தல் வழியாக அசிட்டோன் தயாரிக்கும் ஆய்வில் ஈடுபட்டார். அதுவே இவரை நொதியங்களின் பக்கம் திருப்பியது. 1949 இல் கலிபோர்னியாவின் பெர்க்லிக்குச் சென்றார். அரிசோனாவில் காலமானார்.

நொதியம் புரதமா?

1920களில் இக்கேள்விக்கு விடை இல்லை. புரதம் வெறும் தாங்கி மட்டுமே, உண்மையான நொதியம் அதில் ஒட்டியிருக்கும் வேறொரு சிறு மூலக்கூறு என்று செருமானிய வேதியியலாளர் ரிச்சர்டு வில்சிடேட்டர் கருதினார். அவர் நோபல் பரிசு பெற்றவர் என்பதால் அக்கருத்தை மறுப்பது எளிதாக இருக்கவில்லை. 1926 இல் சம்னர் யூரியேசு நொதியத்தைப் படிகமாக்கிப் புரதம் என அறிவித்தபோது பலர் நம்பவில்லை.

1930 இல் நார்த்ரப் பன்றி இரைப்பையிலிருந்து கிடைக்கும் பெப்சினைப் படிகமாக்கினார். படிகம் கிடைத்தாலே தூய பொருள் என்று கூறிவிட முடியாது என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். தூய பொருளாயின், கரைசலில் எவ்வளவு அதிகமாக இட்டாலும் கரையும் அளவு மாறாது, கலவையாயின் மாறும். இச்சோதனையைப் படிகங்களுக்குச் செய்தார். மேலும், வெப்பத்தால் டிரிப்சின் புரதம் உருக்குலையும் அளவுக்கே அதன் வெட்டும் திறனும் குறைவதையும், குளிர்ந்து மீளும்போது இரண்டும் ஒருசேர மீள்வதையும் காட்டினார். நோபல் பரிசுக்கு உண்மையில் அடித்தளமானது படிகத்தைவிட இந்தப் பொறுமையான சோதனைகளே எனலாம்.

முன்னொதிகளும் தீநுண்மங்களும்

டிரிப்சின் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் இயல்புடையது. எனவே மோசசு குனிட்சு என்பவருடன் இணைந்து, மாட்டின் கணையத்தைக் குளிர்ந்த நீர்த்த கந்தக அமிலத்தில் இட்டுப் பிரித்தெடுத்தார். இதனால் டிரிப்சின், கைமோடிரிப்சின் ஆகியவற்றின் செயலற்ற முன்வடிவங்களும் (முன்னொதிகள்) படிகங்களாகக் கிடைத்தன. டிரிப்சின் தன் முன்னொதியைத் தானே வெட்டி மேலும் டிரிப்சினை உண்டாக்குகிறது.

இந்த அழகிய கண்டுபிடிப்பே பின்னர் அவரை வழிதவறவும் செய்தது. பாக்டீரியாவைத் தாக்கும் தீநுண்மங்களும் (வைரஸ்) இவ்வாறே உயிரணுவில் உள்ள முன்வடிவிலிருந்து தோன்றுகின்றன எனப் பல ஆண்டுகள் வாதிட்டார். தீநுண்மத்தின் நியூக்ளிக் அமிலமே அதன் பெருக்கத்தை நடத்துகிறது என்ற முடிவு நிலைபெற்றபின் அக்கருத்து கைவிடப்பட்டது.

கட்டமைப்பும் குடும்பங்களும்

1934 இல் கேம்பிரிட்ஜில் பெர்னாலும் டோரதி குரோபுட்டும் (பின்னாளில் ஹாட்ச்கின்) ஈரமான பெப்சின் படிகத்தை எக்சு-கதிரில் படம் பிடித்தனர். புரதப் படிகத்தின் தெளிவான முதல் எக்சு-கதிர்ப் படங்கள் அவை. கைமோடிரிப்சினின் முப்பரிமாண வடிவம் 1967 இல் வெளியானது. டிரிப்சினும் அதே மடிப்பு கொண்டது. ஆனால் பாக்டீரியாவின் சப்டிலிசின் முற்றிலும் வேறு மடிப்பில் அதே மூன்று அமினோ அமிலங்களைக் கொண்டு வெட்டுகிறது. அதாவது ஒரே உத்தி இருமுறை தனித்தனியே தோன்றியுள்ளது. ஆகவே வெட்டும் முறையை மட்டும் கொண்டு உறவை முடிவுசெய்ய இயலாது.

1993 இல் நீல் ராலிங்சு, ஆலன் பாரெட் ஆகியோர் அமினோ அமில வரிசையின் ஒப்புமையால் குடும்பங்களாகவும், கட்டமைப்பால் குலங்களாகவும் பிரித்தனர். 1996 இல் தொடங்கிய மெராப்சு தரவுத்தளம் இம்முறையைப் பின்பற்றுகிறது. பெப்சினின் குலத்திலேயே எச்.ஐ.வி. தீநுண்மத்தின் புரத வெட்டியும் அடங்கும். பெப்சினில் ஒரே சங்கிலியின் இரு பாதிகள் தலைக்கொரு அசுபார்ட்டிக் அமிலம் தருகின்றன, எச்.ஐ.வி. நொதியத்தில் ஒரேமாதிரியான இரு தனிச் சங்கிலிகள் அப்பணியைச் செய்கின்றன.