சீகாழி தந்த மூளை அறுவை மருத்துவர்

சீகாழி என்றதும் தமிழ் கற்றோர் நெஞ்சில் ஞானசம்பந்தரின் பெயரே முதற்கண் எழும். அவ்வூரில் 1922ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30ஆம் நாள் பிறந்த இன்னொருவரை நம் மாணவர்கள் அறிந்திலர். அவரே மூளை அறுவை மருத்துவர் பி. இராமமூர்த்தி. (பொதுவுடைமைத் தலைவர் பி. இராமமூர்த்தி வேறொருவர், பெயரொற்றுமையால் மயங்கற்க.) அன்று தஞ்சை மாவட்டத்தில் இருந்த சீகாழி, இன்று மயிலாடுதுறை மாவட்டத்தைச் சார்ந்தது.

தந்தையாரும் மருத்துவரே. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற இராமமூர்த்தி, இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ரோபாதம் என்னும் அறிஞரிடம் மூளை அறுவையைக் கற்றார். தாயகம் மீண்டு, 1950 அக்டோபர் 24 அன்று சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அத்துறையைத் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டே வேலூரில் ஜேக்கப் சாண்டி இத்துறைக்கு வித்திட்டிருந்தார். இவ்விருவரும் வேறிருவருடன் இணைந்து 1951இல் இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினர்.

மண்டையோட்டைத் திறக்கும் கலை புதிதன்று. ஆயிரம் ஆண்டுகட்கு முன் ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவில் வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, மண்டை முறிவுக்குரிய அறுவைக் கருவிகளைத் தம் நூலில் விளக்கியுள்ளார். ஆயினும் எலும்பைத் திறப்பது வேறு. உள்ளே கட்டி எங்குள்ளது என அறிவது வேறு. ஸ்கேன் கருவி 1971இல்தான் இங்கிலாந்தில் முதன்முதலாகப் பயன்பட்டது. அதற்கு முன்னரோ, மூளை அறைகளுள் காற்றைச் செலுத்தியும் கழுத்துத் தமனியில் மருந்தேற்றியும் எக்ஸ்ரே எடுத்து, அந்நிழலைக் கொண்டே கத்தி வைக்கும் இடத்தை முடிவு செய்தனர். நாம் இன்று எண்ணினும் உள்ளம் நடுங்குகிறது.

மேனாட்டு நூல்கள் மூளைக் கட்டி என்றால் பெரும்பாலும் புற்று வகையையே பேசின. இராமமூர்த்தி கண்ட நோயாளிகளுள் பலருக்கோ இருந்தது காசநோய்க் கட்டி. முற்காலத்தில் அதை அகற்றினால் மூளையுறையில் காசம் பரவி நோயாளி மாள்வதே பெரும்பான்மை. ஸ்ட்ரெப்டோமைசின் வந்த பின்னரே அவ்வறுவை உயிர் காப்பதாயிற்று. நம் மண்ணின் நோயை நம் நோயாளியிடமே கற்க வேண்டியிருந்தது. இக்கட்டியை அறியும் முறை குறித்து அவர் 1961இல் உலக ஆய்விதழில் எழுதினார். இதனையே அவர்தம் தலையாய தொண்டாக நாம் கருதுகிறோம்.

அனியூரிசம் என்பது மூளைத் தமனியின் நலிந்த சுவர், ஆற்றுக்கரையின் நலிந்த பகுதிபோல் புடைத்தெழுவது. அது உடைந்தால் இடிவிழுந்தாற்போல் தலைவலி. பலருக்கு அன்றே மரணம். அதன் கழுத்தில் சிறு உலோகக் கவ்வியை இட்டு அடைக்கும் முறையை அமெரிக்காவின் டாண்டி 1937இல் செய்து காட்டினார். இந்தியாவில் இந்நோயின் அளவைப் பற்றி இராமமூர்த்தி 1969இல் ஆய்வுரை வெளியிட்டார். மருத்துவமனை ஏடுகளில் குறைவாகத் தோன்றிய இந்நோய், உண்மையிலும் குறைவுதானா? திடீர்த் தலைவலியால் வீழ்ந்த உழவரைச் சென்னைவரை கொண்டுசேர்க்க அக்காலக் காவிரிக்கரைச் சிற்றூர்களில் என்ன வசதி இருந்தது? அவர்களுள் பலர் எந்த ஏட்டிலும் இடம்பெறாமலே மறைந்திருப்பர் என்பது நம் எண்ணம்.

டாண்டனுடன் இணைந்து அவர் தொகுத்த பாடநூல் 1980இல் வெளிவந்தது. ஓய்வுக்குப் பின்னும் அடையாறு தன்னார்வ மருத்துவச் சேவை நிலையத்தில் பணியாற்றினார். 2003 திசம்பர் 13 அன்று காலமானார்.