வில்லியம் கேரி
வில்லியம் கேரி (ஆகஸ்ட் 17, 1761 - ஜூன் 9, 1834) இங்கிலாந்தைச் சேர்ந்த பாப்டிஸ்ட் போதகரும் பள்ளி ஆசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் ஆவார். வங்காள உரைநடையின் தொடக்ககால வளர்ச்சிக்கு இவர் ஆற்றிய பணி குறிப்பிடத்தக்கது.

வாழ்க்கைக் குறிப்பு

நார்தாம்ப்டன்சயரில் நெசவாளர் ஒருவரின் மகனாகப் பிறந்த கேரி, இளமையில் காலணி தைக்கும் தொழிலைக் கற்றார். 1785 இல் மோல்ட்டன் என்னும் சிற்றூரில் பள்ளி ஆசிரியரானார். 1787 இல் அவ்வூர் பாப்டிஸ்ட் சபையின் போதகராக நியமிக்கப்பட்டார். இரு பணிகளின் வருவாயும் குடும்பத்திற்குப் போதாமையால் காலணி தைப்பதையும் தொடர்ந்தார். இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளைத் தம் முயற்சியாலேயே பயின்றார். 1792 இல் கெட்டரிங்கில் பாப்டிஸ்ட் மிசனரி சங்கம் உருவாக முன்னின்றார்.

இந்தியாவில்

1793 இல் கேரி குடும்பத்துடன் வங்காளம் வந்தார். முதலில் வர மறுத்த மனைவி டோரதி இறுதியில் இசைந்து உடன் வந்தார். 1794 இல் மகன் பீட்டர் இறந்தபின் டோரதியின் மனநலம் குன்றியது. அவர் 1807 இல் காலமானார்.

1800 முதல் கேரி, மார்சுமன், வார்டு ஆகியோருடன் செராம்பூரில் அச்சகம் நடத்தினார். அவர் மொழிபெயர்த்த வங்காளப் புதிய ஏற்பாடு 1801 இல் வெளிவந்தது. அவ்வாண்டே வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வங்காள ஆசிரியரானார். 1812 இல் அச்சகத்தில் ஏற்பட்ட தீயில் பல ஆண்டு உழைப்பின் கையெழுத்துப் படிகள் அழிந்தன. கேரி அப்பணிகளை மீண்டும் தொடங்கினார். 1818 இல் மூவரும் செராம்பூர் கல்லூரியை நிறுவினர். கேரி செராம்பூரிலேயே காலமானார்.