டால்ஸ்டாய் தேடிய பச்சைக்கோல்

ருஷியாவின் யாஸ்னயா போல்யானாவில் 1828-இல் பிறந்த டால்ஸ்டாய், ஐம்பது பிராயத்தை நெருங்குகையில் புகழ், பொருள், மக்கட்பேறு யாவும் ஒருங்கே பெற்றிருந்தார். எனினும் வாழ்வின் பொருள் யாதெனும் வினா அவரை வாட்டிற்று. தம்மைத் தாமே மாய்த்துக்கொள்ளக் கூடுமென்று அஞ்சிக் கயிற்றை ஒளித்துவைத்தார். துப்பாக்கியேந்தி வேட்டைக்குச் செல்வதையும் விடுத்தார். 'போரும் அமைதியும்' கற்று வியக்கும் நமக்கு இது நம்புதற்கரிது. தத்துவ நூல்கள் தராத விடையை உழவர்தம் விசுவாசத்திற் கண்டு, தாமும் ஏர்பிடித்தார், பாதரட்சை தைத்தார். ஆயினும் முதுமை அவருக்கு முழு அமைதி தந்ததென்பார் கூற்றை நாம் ஒப்போம். மனைவியாருடன் பிணக்கு முற்ற, 82-ஆம் வயதில், விடியுமுன் இல்லந்துறந்து சென்றவர், 1910 நவம்பரில் அஸ்தபோவோ ரயில் நிலையத்தில் உயிர்நீத்தார்.

மாந்தர் யாவரும் இன்புற்றிருக்கும் இரகசியம் பொறித்த பச்சைக்கோலொன்று காட்டிற் புதையுண்டிருப்பதாகத் தமையனார் நிக்கோலாய் இளமையிற் கதை சொன்னதுண்டு. அவ்விடத்திலேயே, அவர் விரும்பியவாறு, கல்லும் சிலுவையுமின்றி அடக்கஞ்செய்தனர்.