லாம்டன் துரையும் ஒரு நேர்கோடும்

கிராப் காகிதத்தில் இரண்டு புள்ளிகளைக் குறித்து, அவற்றை இணைக்கும் நேர்கோட்டின் சமன்பாட்டைக் காணுதலால் யாது பயன் என நம் மாணவருட் சிலர் வினவுகின்றனர். வில்லியம் லாம்டன் என்பவரின் சரிதத்தை அவர்களுக்குக் கூற விரும்புகிறோம்.

யார்க்‌ஷயரில் எளிய குடும்பத்திற் பிறந்த இவர், படையிற் சேர்ந்து அமெரிக்காவிற் பல்லாண்டு பணிபுரிந்தார். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணப் போரிலும் கலந்துகொண்டார். போர் ஓய்ந்ததும் தீபகற்பம் முழுவதையும் முக்கோணங்களால் அளக்கும் திட்டமொன்றை அரசாங்கத்தாருக்குச் சமர்ப்பித்தார். அதற்கென இங்கிலாந்திலிருந்து வந்த அரை டன் எடையுள்ள தியோடலைட்டைப் பிரெஞ்சுக்காரர் கடலிற் கைப்பற்றி, விஞ்ஞானக் கருவியென அறிந்ததும் மரியாதையுடன் திருப்பியனுப்பினர். பகைமைக்கிடையே இத்தகைய பெருந்தன்மை அரிதன்றோ!

1802 ஏப்ரலில் பரங்கிமலையருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளந்து வேலையைத் தொடங்கினார். குமரி முனைப் பக்கத்திலிருந்து கோயமுத்தூர் நாட்டின் வழியே பெங்களூரைக் கடந்து வடக்கே சென்றது அவர் அளந்த பெருவில். சேலம் (11° 39′), நாமக்கல் (11° 13′) ஆகிய நம் ஊர்களின் அட்சங்கள் அவ்வில்லினுள் அடங்குவன.

பூமி துருவங்களில் தட்டையாயின், ஒரு பாகை அட்சத்தின் நீளம் துருவத்தை நோக்கி வளர்தல் வேண்டும். அட்சத்தின் ஸைன் வர்க்கத்தைக் கிடையாகவும், பாகையின் நீளத்தை நெடுக்காகவும் குறித்தால், புள்ளிகள் ஏறக்குறைய ஒரு நேர்கோட்டில் விழும். இக்கால அளவுப்படி, பூமத்தியரேகையில் (ஸைன் வர்க்கம் 0) நீளம் 110.57 கிலோமீட்டர், துருவத்தில் (ஸைன் வர்க்கம் 1) 111.69. முன்னது கோடு நெடுக்கச்சை வெட்டுமிடம். இரண்டின் வேறுபாடாகிய 1.12 கோட்டின் சாய்வு. ஆகவே,

நீளம் = 110.57 + 1.12 × ஸைன் வர்க்கம்.

சாய்வை வெட்டுநீளத்தின் மும்மடங்கால் வகுக்க, பூமியின் தட்டைமை ஏறக்குறைய 300-இல் ஒரு பங்கெனப் புலப்படும்.

சேலத்தின் அட்சத்தில் ஸைன் வர்க்கம் 0.041 மாத்திரமே. எனவே பூமத்தியரேகைப் பாகைக்கும் நம்மூர்ப் பாகைக்கும் உள்ள வேறுபாடு சுமார் 46 மீட்டர்! நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தில் இச்சிறு வேறுபாட்டைக் காண்பதெனின், சங்கிலியின் வெப்பத்தையும் கணக்கிட வேண்டுமென்பதில் வியப்பில்லை. நம் நாட்டுப் புள்ளிகளெல்லாம் கோட்டின் ஒரு கோடியிலேயே நெருங்கிக் கிடப்பதால், அவற்றைக்கொண்டு மட்டும் சாய்வை உறுதிசெய்தல் இயலாது. இதனை உணர்ந்தே லாம்டன் பிரான்சு, இங்கிலாந்து, ஸ்வீடன் தேசத்து அளவைகளுடன் தம்முடையவற்றை ஒப்பிட்டார்.

1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மீது ஏற்றுகையிற் கயிறு அறுந்து, தியோடலைட் சுவரில் மோதிச் சிதைந்தது. வேறொருவராயின் மனமுடைந்திருப்பர். இவரோ கூடாரத்தினுள் ஆறு வாரம் அமர்ந்து, வளைந்த வட்டத்தைச் சிறிது சிறிதாக நிமிர்த்திச் சீராக்கினார்.

1823 ஜனவரி 20-ஆம் நாள், நாகபுரிக்குச் செல்லும் வழியில் ஹிங்கன்காட்டில் அவர் உயிர் நீத்தார். அளவைப்பணியை ஜார்ஜ் எவரெஸ்ட் ஏற்று வடக்கே நடத்திச் சென்றார்.