மருந்து தேடிய மாமேதை

இராமேசுவரம், மண்டபம் முதலிய ஊர்களை அடுத்த கடலில் பல நிறப் பாசிகள் செழித்து வளர்கின்றன. அவற்றின் உள்ளே, கண்ணுக்குப் புலப்படாத பூஞ்சைகள் வாழ்கின்றன. செடிகொடிகளின் இலையிலும் தண்டிலும் இத்தகைய பூஞ்சைகள் உண்டு. இவை தம்மைத் தாங்கும் உயிருக்குத் தீங்கு செய்வதில்லை. இவை ஆக்கும் பொருள்களுள் நோய் தீர்க்கும் மருந்துகள் உளவோ என அறிஞர்கள் இன்று ஆராய்ந்து வருகின்றனர். இவ்வாறு இயற்கைப் பொருள்களில் மருந்து தேடும் துறையில் முன்னின்று உழைத்த பெருமகனார் எல்லப்பிரகட சுப்பாராவ் ஆவார்.

இவர் 1895ஆம் ஆண்டில், அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். குடும்பம் வறுமையில் உழன்றது. பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தவறிய இவர், சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முறை வெற்றி பெற்றார். பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அறைகூவலை ஏற்றுக் கதராடை அணிந்தமையால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார். அதனால் உயர்ந்த மருத்துவப் பட்டத்துக்கு மாறாக, அதனினும் தாழ்ந்த பட்டமே இவருக்குக் கிட்டியது.

அந்நாளில் 'ஸ்ப்ரூ' என்னும் குடல்நோய் உடன்பிறந்தார் இருவரைக் கொள்ளை கொண்டது. இவரையும் அந்நோய் பற்றியது. ஆயுர்வேத மருத்துவத்தால் உயிர் பிழைத்தார். அந்நோய்க்கு மருந்து காணும் வேட்கை இவர் உள்ளத்தில் வேரூன்றியது.

பின்னர் அமெரிக்கா சென்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மருத்துவமனையில் இரவுப் பணியாளராக எளிய வேலைகளைச் செய்துகொண்டே கற்றார். 1940ஆம் ஆண்டில் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். இவருடைய குழுவினர் போலிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்தைச் செயற்கை முறையில் ஆக்கினர். அது ஸ்ப்ரூ நோயாளிகளின் குருதிக் குறைவைப் போக்கியது. உடன்பிறந்தாருக்கு உதவாத மருந்து உலகுக்கு உதவிற்று!

அக்கூடத்தில் இவர் தலைமையில் நுண்ணுயிர் ஆய்வும் நடைபெற்றது. பற்பல இடங்களின் மண்ணைத் தருவித்துச் சோதித்த டக்கர் என்னும் முதுபெரும் அறிஞர், மண்ணில் இழைபோல் வளரும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து 'ஆரியோமைசின்' என்னும் மருந்தைக் கண்டார். 1948இல் வெளியான அம்மருந்து பலவகைத் தொற்றுநோய்களைத் தணித்தது.

அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில், தம் 53ஆம் வயதில் சுப்பாராவ் இயற்கை எய்தினார். தாய்நாடு திரும்பும் பேறு இவருக்கு வாய்க்கவில்லை. பின்னர்ப் பூஞ்சைப் பேரினம் ஒன்றுக்கு அறிஞர்கள் 'சுப்பாரோமைசிஸ்' எனப் பெயர் சூட்டினர். புகழை நாடாது உழைத்தவரின் பெயரை இன்று ஒரு சிற்றுயிர் தாங்கி நிற்கிறது.